உடன்பிறந்தாரை நினைத்தல்

உடன்பிறந்தான் ஒருவன் உடம்பை நீத்தபின் அவனை நினைந்து வருந்துதல் சித்தாந்த நெறி நிற்பார்க்குத் தகுமோ என்பது ஈண்டு ஆராயப்படும். உயிர் அநாதி, அதற்குத் தோற்றக் கேடுகள் இல்லை. உடம்போ மாயையின் காரியம். தமையன் தம்பி என்னும் முறை வினைக்கு ஈடாக உடம்பு பற்றி வந்தது. ஆகலின் உடம்பு வீழ்ந்தவழி முறையும் வீழ்ந்தது. அதனைப் பற்றி நிற்கும் நினைவு பாசமேயாம் என்பர் ஒரு சாரார்.

இத்தடை நூலளவில் நேரிதே. ஆயினும் அநுபவம் பிறிதொன்று கூறுகின்றது. தாம்பரத்தில் வாழ்ந்த எம் இளவல் சென்ற ஆண்டு சிவனடி சேர்ந்தனன். நாற்பது ஆண்டாக ஞாயிறுதோறும் அவன் பெரியபுராணம் ஓத, யாம் பொருள் கூறி வந்தேம். இன்று அந்நூலை விரிக்குந்தோறும் நினைவு யாம் அழையாமலே வருகின்றது. அழையாது வருவதனைப் பாசம் என்று ஒரு சொல்லால் விலக்கிவிடல் அமையுமோ? விடையை அந்நூலகத்தே காண்பாம்.

தாம்பரத்திற்கு அணித்தாய குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் தோன்றியருளிய ஊர். 12-ஆம் நூற்றாண்டினராகிய அவர்க்குப் பாலறாவாயர் என்னும் இளவல் இருந்தனர் என்பதும், தமையனார் துறவு பூண்டபின் அவர் தொண்டைமான் என்னும் பட்டம் பெற்றுத் தொண்டை நாட்டைக் காத்தனர் என்பதும் வழிவழி வந்த வரலாறு. தம்பியோடு வளர்ந்த அப்பெருமான் உடன்பிறப்பன்பை எங்ஙனம் காட்டினார் என்பது நோக்கற்பாலது.

திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் மறைந்தனர். திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டனர். அவரோடு தாமும் உயிர் நீப்பல் என்று துணிந்த அம்மையார், தம்பியார் மருணீக்கியார் அடிவீழ்ந்து அழுதமையால் அவர்பொருட்டு உயிர் தாங்கினர். மருணீக்கியாரோ நிலையாமையை உணர்ந்து, அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தரும் அமைத்து, பின்னர்ச் சமணம் புகுந்தனர். ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. நிலையாமையுணர்வு மட்டும் அவரைச் சிவநெறியில் நிறுத்தவில்லை. அவரை மீட்டதற்கு வாயிலாய் நின்றது, திருவதிகை வீரட்டானத்தே திருத்தொண்டு செய்து தம்பியை மறவாது இறைவனை வேண்டிய தமக்கையாரது அன்பே. சூலைநோயுற்று வந்தவர்க்குத் திருநீறு அளித்த கை அவ்வன்பின் கையேயாம். உடன்பிறந்தாரை நினைத்தல் பாசமே எனின், திருநாவுக்கரசரை யாம் பெற்றிரேம்.

அற்றேல், நினைவெல்லாம் நன்றோ எனின், அன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. 'என் தம்பியை இழந்தேன்' என யான் எனது என்பவற்றைச் சார்ந்த நினைவு பாசம். 'இத்துணை நாள் இவனை எனக்குத் துணையாக்கினான் இறைவன்' என அருளைச் சார்ந்த நினைவு அன்பு. இரண்டும் கண்ணீர் உடையனவே. கண்ணீரால் அவற்றை வேறு பிரித்தல் ஆகாது. நினைவு வந்தபின் கை யாது செய்கின்றது என்று நோக்குக. கை சோர்ந்து விதியை நோவதாயின் அது பாசம். பிரிந்தார் விட்டுச் சென்ற தொண்டினை எடுத்து நடத்துமாயின் அஃது அன்பு.

இன்னுமொன்று. உயிர் தானே அறியாது. இறைவன் காட்டவே காணும். ஆகலின் அழையாது வரும் நினைவும் அவன் உணர்த்த வருவதேயாம். பிரிந்த உயிர் எப்பிறப்பு எய்தினும், திருவடியே எய்தினும், அதனுள் நிற்கும் முதல்வனே நம்முள்ளும் நிற்கின்றான். முறை வீழ்ந்தது, முறையைத் தந்தவன் வீழ்ந்திலன். அவனை மறந்து தம்பியை நினைப்பார் தம்பியையும் இழப்பர். அவனுள் வைத்து நினைப்பார்க்கு இழப்பு இல்லை.

திருச்சிற்றம்பலம்