திரையில் பார்த்த முகம்

சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சின்னசேலம் பக்கம் டீ குடிக்க இறங்கும் ஒரு நடிகரை நம் ஊர்க்காரர் இரண்டு நிமிடம் பார்க்கிறார். சிரித்தால் "தங்கமான மனுஷன்", சிரிக்காவிட்டால் "தலைக்கனம் பிடிச்சவன்". அந்தத் தீர்ப்பு ஆயுளுக்கும் மாறுவதில்லை. இரவெல்லாம் படப்பிடிப்பில் நின்றவரா, வீட்டில் நோயாளியை விட்டு வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வில்லன் நடிகர் எம்.என். நம்பியாருக்கு நேர்ந்ததும் இதுதான். அவரை நேரில் பார்க்கும் முன்பே ஊர் முடிவு செய்துவிட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யில் (1950) சூழ்ச்சிக்கார ராஜகுரு அவர். அதே ஆண்டு, அதே நிறுவனத்தின் 'திகம்பர சாமியார்' படத்தில் அவரே நாயகன். பல மாறுவேடங்களில் வந்து குற்றத்தைத் துப்பறிவார். மக்கள் மனம் நாயகனை விட்டுவிட்டு வில்லனை மட்டும் வைத்துக்கொண்டது. எம்.ஜி.ஆர். படங்களில் அவர் கையைப் பிசைந்து கண்ணை உருட்டியபோதெல்லாம் கொட்டகை திட்டித் தீர்த்தது.

வீட்டில் அவர் மதுவைத் தொடாதவர், சைவ உணவுக்காரர். ஆண்டுதோறும் மாலையணிந்து, பெருங்கூட்டத்தைச் சபரிமலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி. 2008 நவம்பரில் அவர் மறைந்தபோது, அவருடன் மலையேறிய ஐயப்ப பக்தர்கள் இழந்தது தங்கள் வழிகாட்டியை.