செய்தவனும் செய்பொருளும்

மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைப் பற்றி வினவிய கதையை மெய்யியல் பயில்வோர் அறிவர். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என ஒவ்வொன்றாக வினவி, உறுப்புகள் இயைந்தவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பதை மன்னனையே ஒப்புக்கொள்ளச் செய்தார் அவர். ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் இவ்வினாவுக்கு வேறொரு விடை கண்டுள்ளது. குழல் துப்பாக்கியன்று, அடிக்கட்டையும் அன்று, விசையும் அன்று. இவற்றைத் தாங்கிநிற்கும் 'றிசீவர்' எனும் உடற்பகுதி தனியே கிடந்தாலும், 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பார்வையில் அதுவே துப்பாக்கி. நாகசேனருக்கு அவசரம் இருக்கவில்லை. சட்டமோ எங்கேனும் ஓரிடத்தைப் பற்றிப் பிடித்தேயாக வேண்டும்.

அந்நாட்டில், துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்படாத ஒருவர் தமது சொந்தப் பாவனைக்கு வீட்டிலே றைபிள் ஒன்றைச் செய்வதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. செய்து விற்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கே உரிமம் வேண்டும். தமக்கெனச் செய்பவர் தொடரிலக்கம் பொறிக்கவேண்டும் என்ற விதியும் அச்சட்டத்தில் இல்லை. இதனைக் கண்ட வணிகர் முற்றுப்பெறாத உடற்பகுதிகளை விற்கலாயினர். 'எண்பது வீதம்' முடிந்தது என்பது அவர்கள் இட்ட பெயர். சட்டத்தில் அத்தகைய அளவுகோல் கிடையாது. ஆற்றல்நிலையில் உள்ளது வேறு, செயல்நிலையை எய்தியது வேறு என்ற அரிஸ்ரோட்டிலின் பாகுபாடு இவ்வணிகத்துக்கு இத்துணை உதவுமென்று எவரும் எதிர்பார்த்திரார். எளிதில் துப்பாக்கியாக்கத்தக்க பாகத்தொகுதிகளும் துப்பாக்கிகளே என 2022இல் கூட்டாட்சி அரசு விதி செய்தது. 2025 மார்ச்சில் நாட்டின் உயர் நீதிமன்றம் ஏழு நீதியரசர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவ்விதியை ஏற்றது. இன்னும் பூட்டப்படாத பலகைகளாய் வாங்கிவந்ததையும் மேசை என்றே மக்கள் அழைப்பர் என்பது தீர்ப்பிற் காணப்படும் உவமைகளுள் ஒன்று. தேரின் கதை ஒரு நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது எனலாம்.

ஆயின் எம்மைச் சிந்திக்க வைப்பது மாநில எல்லையாகும். கொலராடோ நதியின் கீழ்க்கரையில் அரிசோனா, மேற்கரையில் கலிபோர்னியா. கலிபோர்னியாவில் 2018 ஜூலை 1 முதல், வீட்டில் றைபிள் செய்ய விழைபவர் செய்யுமுன்னரே மாநில நீதித் திணைக்களத்திடம் இலக்கம் பெற்று அதனைப் பொறித்தல் வேண்டும். அரிசோனாவின் மாநிலச் சட்டம் அவ்வாறு கேட்பதில்லை. ஒரே மனிதன், ஒரே உலோகம், ஒரே வேலை. நதியைக் கடந்ததும் கடமை மாறுகின்றதா?

நிற்கும் மண்ணின் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே கடமை, வேறொன்றில்லை என்பர் சிலர். வாகனத்தை இங்கு இடப்புறமும் அங்கு வலப்புறமும் செலுத்துவதுபோல இதுவும் ஒரு வழக்காறு என்பது அவர்தம் கருத்து. இவ்வொப்புமை பொருந்தாது. இடமோ வலமோ, எல்லோரும் ஒன்றைப் பின்பற்றினாற் போதும். எப்புறம் என்பதிற் பயன் வேறுபாடில்லை. தொடரிலக்கம் அத்தகையதன்று. தீங்கு நேர்ந்தபின் அவ்வாயுதத்திலிருந்து ஒரு மனிதனை நோக்கிச் செல்லும் வழி அது. 2019 நவம்பரில் கலிபோர்னியாவின் சான்ரா கிளாரிற்றாவில், பாகங்களை இணைத்து ஆக்கப்பட்ட, இலக்கமற்ற கைத்துப்பாக்கியால் பாடசாலை மாணவன் ஒருவன் சக மாணவர் இருவரைக் கொன்று தானும் மாய்ந்தான். அம்மாநிலத்தில் விதி அப்போது நடைமுறையில் இருந்தது என்பதையும் மறைத்தலாகாது. விதி இருந்தமையால் மட்டும் ஒருவரும் காக்கப்படவில்லை.

தனிமனித சுதந்திரத்துக்காக வாதிட்ட ஜே. எஸ். மில், 1859இல் வெளிவந்த நூலில் நஞ்சு விற்பனையை ஆராய்கிறார். நஞ்சுக்கு நல்ல பயனும் உண்டு, ஆதலால் தடை வேண்டாம். வாங்குபவர் பெயர், முகவரி, அளவு, நோக்கம் ஆகியன பதியப்பட்டாற் போதும் என்பது அவர் நிலை. செய்பவனின் கைகளைக் கட்டாமல் அவனைப் பொறுப்புக்கு உரியவனாக்கும் ஏற்பாடு அது. இலக்கம் பொறித்தலையும் யான் அவ்வாறே கொள்கின்றேன். அதனால் நதியின் இரு கரையிலும் கடமை ஒன்றே என்பதும், அரிசோனாவில் அது சட்டத்தின் துணையின்றி நிற்கின்றது என்பதும் என் துணிபு.

எனினும் எதிர்வாதம் ஒன்று எளிதில் நீங்குவதாயில்லை. பதிவேடு அரசின் கையிலிருப்பது. அரசு மாறக்கூடியது என்பர் அந்நாட்டுச் சுதந்திரவாதிகள். இதனை நகைத்துத் தள்ள எம்மால் இயலாது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்புக்களோடு வீடுகளைத் தேடி வந்தோரை எம் மூத்தோர் கண்டுள்ளனர். குற்றமற்ற பட்டியலும் கொலைக்கருவியாகலாம். ஆனால் இவ்வச்சம், ஏட்டை யார் காப்பது, யார் திறப்பது என்ற வினாவையே வற்புறுத்துகின்றது. அவ்வேடு வேண்டாமென்று சொல்ல வாக்காளர்க்கு இல்லாத காரணம் ஆயுதம் செய்பவனுக்கு எங்கிருந்து வரும் என்பது எனக்குப் புலப்படவில்லை.

அரிசோனாவில் பல்லாண்டு வாழ்ந்தபின், தான் செய்த றைபிளுடன் கலிபோர்னியாவிற் குடியேறுபவனுக்கு இலக்கம் கோரி விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம் உண்டு. முந்திய ஆண்டுகளில் ஓரிரவு அது களவுபோயிருப்பின், முறைப்பாட்டை எழுதும் பொலிஸ்காரர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று அதன் இலக்கம் யாது என்பதாகும்.