எளிமையும் இன்பமும்: கணினி மொழி கற்றல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பயன் கருதாது, இன்பத்தின் பொருட்டே கணினி மொழியொன்றைக் கற்க விழையும் ஒருவர், அவற்றுள் எளியதைத் தெரிந்துகொள்ளலாமா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வசதி பற்றிய வினாவாகவே தோன்றும். ஆயின், இதனுள் இரண்டு குற்றச்சாட்டுகள் மறைந்து கிடக்கின்றன. எளியதை நாடுதல் சோம்பலின் பாற்பட்டது என்பது ஒன்று. பயனற்றதைக் கற்றல் காலத்தை வீணாக்குவது என்பது மற்றையது. போட்டிப் பரீட்சைகளின் வழியே பல்கலைக்கழகம் புகுந்த நம்மனோர்க்கு இவை புதியன அல்ல. அரிதாயிருப்பதே உயர்ந்தது, புள்ளி பெற்றுத்தருவதே கற்கத்தக்கது என்னும் எண்ணம் நம்முள் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் பொருத்தமானதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் எளிமையை எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் கணினியைப் பயன்படுத்த விரும்பிய மாணவர், தமது செய்நிரலைத் துளையட்டைகளிற் பொறித்து, அவற்றை இயக்குவோரிடம் ஒப்படைத்து, விடைக்காகப் பல மணி நேரமும், சிலவேளை நாட்கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்நிலையில், அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியிற் கணிதம் கற்பித்த ஜோன் கெமெனியும் தோமஸ் கேர்ட்ஸும் பேசிக் என்னும் மொழியை ஆக்கினர். 1964ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி அதிகாலையில் அது முதன்முதலாக இயங்கிற்று. ஏறத்தாழ 15 கட்டளைகளே அதில் இருந்தன. பலர் ஒரே வேளையில் ஒரு கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையும் அதனுடன் சேர்ந்தே அமைக்கப்பட்டது. விஞ்ஞான மாணவர் மட்டுமன்றி, இலக்கியமும் சமூகவியலும் பயில்வோரும் கணினியை அணுகவேண்டும் என்பதே அவ்விருவரின் உள்ளக்கிடக்கை. ஆக, அவர்கள் நாடிய எளிமை, சிலருக்கே உரியதாயிருந்த அறிவின் வாயிலைப் பலருக்கும் திறந்துவிட்டது. கடினம் எப்பொழுதும் தகுதியை அளப்பதில்லை. சிலவேளை அது வெறும் மதிலாகவே நிற்கிறது.

எனினும், எதிர்வாதத்தைப் புறக்கணித்தல் ஆகாது. ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பேசிக் மொழியை முன்னரே பழகிய மாணவருக்கு நல்ல செய்நிரலாக்கத்தைக் கற்பித்தல் ஏறக்குறைய இயலாததென 1975இல் மிகக் கடுமையாக எழுதினார். நினைத்த வரிக்குத் தாவிச்செல்ல இடமளிக்கும் கட்டளையின் தீங்கை 1968இலேயே அவர் சுட்டிக்காட்டியிருந்தார். அவரது கூற்று மிகையானதே. பேசிக்கிலே தொடங்கிப் பின்னர் இத்துறையிற் சிறந்து விளங்கியோர் பலர். ஆயினும் அதனுள் ஓர் உண்மை உண்டு. கருவி, கையை மட்டுமன்றிச் சிந்தையையும் பழக்குகிறது. இன்று எளிதாயிருக்கும் குறுக்குவழி, நாளை விடுதற்கரிய வழக்கமாகிவிடலாம்.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கின், எளிமை இருவகைப்படும் என்பது புலனாகும். பொருளுக்குப் புறம்பான இடர்களை நீக்குவது ஒருவகை. பொருளுக்கே உரிய இடரை மறைத்துவிடுவது மற்றொரு வகை. துளையட்டையும் காத்திருப்பும் சிந்தனையின் கூறுகள் அல்ல. அவை நீங்கியதால் எவர்க்கும் இழப்பில்லை. ஆனால், பெரியதொரு வினாவைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுதல் இக்கலையின் உயிராகும். அதனை அகற்றிய பின் கற்பதற்கு எதுவும் எஞ்சாது.

1967இல் உருவான லோகோ மொழி இதற்குத் தக்க சான்றாகும். அதில் 'ஆமை' எனப்படும் ஒரு குறி திரையில் நகர்ந்து கோடு வரையும். ஓர் அடி முன்னே செல், ஒரு பாகை வலப்புறம் திரும்பு, இவற்றை 360 முறை செய் என்று பணித்தால் வட்டமொன்று தோன்றும். மூன்று கட்டளைகளே தேவை. ஆயின், இடையறாது சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்வதே வட்டம் என்பதைக் குழந்தை தானே நடந்து பார்த்துக் கண்டடைய வேண்டும். அம்மொழியை ஆக்கியோருள் ஒருவரான சீமோர் பப்பேட், இத்தகைய முயற்சி கடினமாயிருப்பதனாலேயே சிறுவர்க்கு இன்பம் தருகிறது எனக் கருதினார். மொழி எளிது, வினா அரிது. இவ்விணைவே நாம் தேடத்தக்கது.

இனி, பயனின்மை என்னும் இரண்டாவது குற்றச்சாட்டு. இன்று ஆய்வுகூடம் முதற் பாடசாலை வரை பரவியுள்ள பைதன் மொழி, 1989 டிசம்பரில் கிடோ வான் ரொசம் நத்தார் விடுமுறைப் பொழுதுபோக்காகத் தொடங்கியதே. அது 1991இல் வெளியாயிற்று. ஆனால், இதனைக் காட்டி விளையாட்டும் பயன் தரும் என வாதிடுதல், விளையாட்டை மீண்டும் பயனுக்கே அடிமையாக்குவதாகும். வேறு நியாயம் வேண்டும்.

வேண்டியதைச் சாதாரண வசனங்களிற் கூறினால், செய்நிரலை எந்திரமே எழுதித்தரும் காலம் இது. விளைபொருள் மட்டுமே குறிக்கோளாயின், பொழுதுபோக்காகக் கற்பவர் மொழியைக் கற்கவேண்டியதில்லை. எனினும், இசைத்தட்டு வந்த பின்னரும் மனிதர் பாடுகின்றனர். தானே விளங்கிக்கொள்ளும் இன்பத்தைப் பிறர் நமக்காக அடைந்து தர இயலாது. அவ்வின்பத்தோடு ஒரு நேர்மையும் பயிலப்படுகிறது. கணினி நாம் கருதியதைச் செய்வதில்லை, கூறியதையே செய்கிறது. விடை பிழைக்கும்போது பழி சுமத்துதற்குப் பெரும்பாலும் வேறெவரும் இலர். பரீட்சையோ புள்ளியோ இல்லாத அவ்விடத்தில், தன் தவற்றை வெட்கமின்றி ஏற்றுத் திருத்தும் பழக்கம் மெல்ல வளர்கிறது. அதனைக் காலவிரயம் எனக் கொள்ளல் பொருந்துமா?

ஆதலின், இன்பத்துக்காகக் கற்பவர் எளிய மொழியைத் தயக்கமின்றித் தெரிந்துகொள்ளலாம். பிழையை விரைந்து காட்டுவதும், சிந்திக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவைப்பதுமான மொழியாக அது இருத்தல் வேண்டும். சிறுவர்க்கு லோகோவும், படிகளின் அமைப்பை வரிகளின் உள்தள்ளலிலேயே காட்டும் பைதன் வளர்ந்தோர்க்கும் பொருந்தும். மொழியைத் தெரிந்த பின், விடை தெரியாத சிறு வினாவொன்றையும் தெரிந்துகொள்க. உழைப்பு அங்கேதான் தொடங்குகிறது, இன்பமும் அங்கேயே.