கண்ணீருக்கு எத்தனை புள்ளி?

ஒரு தாய் அழுகிறார். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் அதனைப் படமாக்குகிறான். காற்றின் இரைச்சல் அவருடைய குரலை மூடிவிட்டது என்று கண்டதும், அதே சொற்களை இன்னொரு முறை சொல்லும்படி கேட்கிறான். தாயும் சொல்கிறார், சொல்லும்போது மறுபடியும் அழுகிறார். அந்த இரண்டாவது அழுகையே படத்தில் இடம்பெறுகிறது. நாம் அப்படத்துக்கு முதற்பரிசு வழங்குகிறோம்.

சென்ற ஆண்டு நம் கிராமத்து வாசிகசாலையில் நாம் சில ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து நடத்திய குறும்பட, திரைக்கதைப் போட்டியில் நிகழ்ந்தது இது. பரிசளிப்பு முடிந்து சில வாரங்களின் பின்னரே இரண்டாவது அழுகையின் கதை நமக்குத் தெரியவந்தது. மாணவனே சொன்னான். அவன் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை; தொழில் நுணுக்கமாகவே சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த நமக்குத்தான் முகம் சுண்டியது.

யாழ்ப்பாணத்தில் இன்று குறும்படப் போட்டிகளுக்குக் குறைவில்லை. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா இளைஞர்களுக்குப் பெரும் உந்துதலாயிற்று. கல்லூரிச் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள், கடல் கடந்த ஊர்ச் சங்கங்கள் எல்லாம் போட்டி நடத்துகின்றன. நாடகம் எழுதிய கைகள் இன்று திரைக்கதை எழுதுகின்றன. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் போட்டி என்பது பரிசு வழங்கும் ஏற்பாடு மட்டுமன்று. எது கலை, எது பேசத்தக்க பொருள் என்று இளையவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாடும் ஆகும். பாடசாலையில் ஓர் ஆண்டு முழுவதும் நாம் வாயால் சொல்லும் இலக்கியக் கொள்கை, போட்டியின் புள்ளித்தாள் ஒன்றின் முன் செல்லாக்காசாகிவிடும். மாணவன் நம் சொற்பொழிவைக் கேட்பதில்லை. புள்ளி எங்கே விழுகிறது என்றே பார்க்கிறான்.

நம் புள்ளித்தாள் என்ன சொன்னது? கதைக்கருவுக்கு 25, திரைக்கதைக்கு 25, ஒளிப்பதிவுக்கும் ஒலிக்கும் 20, நடிப்புக்கு 10, ‘உணர்ச்சித் தாக்கம்’ என்ற தலைப்பின் கீழ் 20. இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்த்தபோது நம்முள் எவரும் ஒரு நிமிடமேனும் தயங்கியதாக நினைவில்லை. கலை நெஞ்சைத் தொடவேண்டும் அல்லவா? அதே தாளில் ஒலிக்கும் புள்ளி வைத்தோம். ஒலி தெளிவாக இருக்கவேண்டும், கண்ணீரும் இருக்கவேண்டும் என்று நாமே எழுத்தில் கேட்டிருந்தோம். மாணவன் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டாவது முறை அழும்படி அத்தாயைக் கேட்டது அவன் வாய்தான், வினாத்தாளோ நம்முடையது.

இதனைக் கேட்டதும் போட்டியே வேண்டாம் என்றார் நம் நண்பர் ஒருவர். கலையை ஓட்டப்பந்தயமாக்குவது முதலாளித்துவப் பழக்கம் என்பது அவர் வாதம். வாதம் கவர்ச்சியானதே. ஆனால் வரலாறு இவ்வளவு எளிதாக அவர் பக்கம் நிற்கவில்லை. பண்டைய ஏதென்சின் துன்பியல் நாடகங்களில் பெரும்பாலானவை தயோனிசியப் பெருவிழாவின் போட்டிக்கென்றே எழுதப்பட்டவை. நடுவர்களைக் குடிமக்களிலிருந்து திருவுளச்சீட்டு மூலம் தெரிந்தார்கள். விலைக்கு வாங்க முடியாதபடி, அவர்கள் அளித்த வாக்குகளிலும் சிலவற்றையே எண்ணினார்கள். அப்படியும் சோபோக்கிளீசின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ அரங்கேறிய ஆண்டில் முதற்பரிசு வேறொருவருக்குப் போயிற்று என்பது மரபு. நடுவர் தவறலாம்; ஆயினும் போட்டி இல்லாதிருந்தால் அந்த நாடகம் எழுதப்பட்டிருக்குமா என்பதும் ஐயமே.

நம் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. முடிதிருத்தும் தொழிலகத்தில் வேலை செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1961இல் இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. பண்டிதர்களின் வாசலில் நின்று அனுமதி கேட்கவேண்டிய அவசியம் அன்றோடு குறைந்தது. பரிசு என்பது மூடிய கதவை உடைக்கும் கோடரியாகவும் அமையக்கூடும். போட்டி வேண்டாம் என்று சொல்வது, வேறு கதவு திறந்திருப்பவர்க்கு எளிது. தந்தை மேசனாகவும் தாய் தோட்டக் கூலியாகவும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வாசிகசாலையின் போட்டி அறிவித்தலைத் தவிர வேறென்ன அழைப்பு வரப்போகிறது?

எனவே போட்டி வேண்டுமா என்பதை விட, அந்தக் கதவு எங்கே திறக்கிறது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. தமிழகத்தில் கலைஞர் தொலைக்காட்சி 2009இல் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன் முதலியோர் அதன் வழியே வந்தவர்கள். ‘பீட்சா’ 2012இலும், ‘சூது கவ்வும்’ 2013இலும் வெளிவந்தபோது, சென்னைத் திரைப்படத் தொழிலில் உதவி இயக்குநராகப் பல ஆண்டு காத்திருக்கும் வழக்கமே ஆட்டம் கண்டது. அங்கே குறும்படம் ஒரு நுழைவுத் தேர்வு. அதற்கப்பால் ஒரு தொழில் இருந்தது, சம்பளம் இருந்தது, பார்க்கக் காத்திருந்த மக்கள் இருந்தார்கள்.

நமக்கு அப்பால் என்ன இருக்கிறது? இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தின் கதை 1962இல் ‘சமுதாயம்’ என்ற 16 மில்லிமீற்றர் படத்தோடு தொடங்குகிறது. 1977இல், காவலூர் இராசதுரை எழுத தர்மசேன பத்திராஜா இயக்கிய ‘பொன்மணி’, யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் யாழ்ப்பாணத்திலேயே வைத்துப் பேசியது. திரையரங்குகளில் அதற்கு வரவேற்புக் கிடைக்கவில்லை. சென்னைப் படங்களால் நிரம்பிய திரைகளின் முன் வளர்ந்த கண்களுக்கு, தம் வீட்டு முற்றமே அந்நியமாகத் தெரிந்திருக்கவேண்டும். பின்னர் போர் வந்தது. 1990 முதல் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. இன்று தொழில்நுட்பம் கைக்குள் வந்துவிட்டது, தொழில் வரவில்லை. ஆகவே நம் மாணவனின் குறும்படம் நம் மக்களின் அனுமதிச் சீட்டை நம்பி எடுக்கப்படுவதில்லை. அது விழாக்களையும், நிதி வழங்கும் நிறுவனங்களையும், புலம்பெயர்ந்த உறவினரையும் நோக்கி எடுக்கப்படுகிறது. இவர்கள் எவரும் தீயவர்கள் அல்லர். ஆனால் இவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்திடம் எதிர்பார்க்கும் பொருள் ஒன்றே: துயரம். கேட்பவன் இருக்குமிடத்தில் விற்பவன் தோன்றுவான் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. பதினெட்டு வயதில் நம் பிள்ளைகள் அந்தச் சந்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்படியானால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைப் படமெடுக்கவே கூடாதா? அவ்வாறு சொன்னால் அது அரசுகள் விரும்பும் மௌனத்துக்கு நாமும் துணைபோவதாகும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் அத்தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் புகைப்படங்களைத் தாமே கையில் ஏந்தி நின்றார்கள். பார், எழுது, படமெடு என்று உலகை அழைத்தவர்கள் அவர்கள்தாம். அங்கே அழுகை ஒரு குற்றச்சாட்டு. அது ஒருவரை நோக்கிப் பேசுகிறது, ஒரு பதிலைக் கேட்கிறது. நம் மாணவனின் படத்திலோ குற்றச்சாட்டு இல்லை. மகன் எங்கே எவரால் கொண்டுசெல்லப்பட்டான், தாய் எந்த அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கினார் என்ற ஒரு செய்தியும் இல்லை. ஒரு வயலின் இசை, ஒரு பழைய சைக்கிள், நெருக்கத்தில் ஒரு முகம், கண்ணீர். அத்தாயிடமிருந்து அவருடைய வழக்கை எடுத்துவிட்டு அழுகையை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். ‘உணர்ச்சித் தாக்கம்’ என்ற பகுதியில் அதற்கு 20க்கு 19 கொடுத்தோம்.

மாணவனிடம் இதைப் பேசியபோது அவன் கேட்டான்: “வெளியிலையிருந்து வாறவையெல்லாம் எடுக்கினம், சேர். நாங்கள் எடுத்தால் மட்டும் பிழையோ?” நேர்மையான கேள்வி. நாம் உடனே மறுமொழி சொல்ல இயலாதவர்களாய் நின்றோம்.

பின்னர் நாமும் அவனுமாக அத்தாயின் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்பதே நம் எண்ணம். அவர் தேநீர் தந்தார். இரண்டாவது முறை அழவைத்தது பற்றி நாம் தட்டுத்தடுமாறிச் சொன்னோம். “அழுறது எனக்குப் புதிசே, தம்பி?” என்றார். பிறகு, சற்றுத் தயங்கி, தம் உண்மையான மனக்குறையைச் சொன்னார்: “அவன்ரை படத்தை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம். ஆரும் கண்டவை இருந்தால் சொல்லுவினம்.”

புகைப்படம் படத்தில் நான்கு நொடிகள் வருகிறது. அவருடைய முகம் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள். நடுவர்களாகிய நாம் எவரும் கவனிக்காத இந்தக் கணக்கை அவர் ஒருவரே கவனித்திருந்தார். அவரை அவமதிப்புக்கு உள்ளானவராகக் கண்டு இரங்கிக்கொண்டிருந்த நமக்கு, அவர் தம் மகனைத் தேடும் அலுவலில் படத்தின் பயனை அளந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு வேண்டியிருந்தது நம் இரக்கமன்று. நான்குக்குப் பதில் நாற்பது நொடிகள்.

இங்கே நிறுத்திவிட்டால் நம் கதை நமக்கு வசதியாக முடிந்துவிடும். ஆனால் அதே போட்டியின் திரைக்கதைப் பிரிவில் நாம் செய்தது இதனினும் மோசமானது. படங்களைப் போல் இரண்டு மடங்கு திரைக்கதைகள் வந்திருந்தன. பெரும்பாலானவை பெண்பிள்ளைகள் எழுதியவை. மாலை வேளைகளில் கமராவோடு தெருவில் நிற்க அவர்களுக்கு வீட்டில் அனுமதியில்லை. தாளுக்கு அனுமதி தேவையில்லை. (ஒன்றிரண்டு பொறியெழுதிய திரைக்கதைகளும் வந்தன. சென்னை அடுக்குமாடி வீட்டில் மழை பார்த்துக்கொண்டு காபி குடிக்கும் நாயகியை நம் வலிகாமத்தில் வேறு யார் எழுதுவார்? தருமிக்குப் பாட்டெழுதித்தர இறைவனே வரவேண்டியிருந்தது. இக்காலத்துத் தருமிகளுக்கு அவ்வளவு சிரமம் இல்லை.) அவற்றுள் ஒரு மாணவி எழுதியது கிணறு பற்றியது. கோடையில் ஒரு வீட்டுக் கிணறு வற்றுகிறது. பக்கத்து வளவில் நீர் நிறைந்த கிணறு. இடையில் ஒரு வேலி. வேலியைப் பற்றி எவரும் எதுவும் சொல்வதில்லை. ‘சாதி’ என்ற சொல் திரைக்கதையில் ஓரிடத்திலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அது தேவையும் இல்லை.

அதுவே வந்தவற்றுள் சிறந்தது. நடுவர்களுக்குத் தெரியும். ஆயினும், “இப்போது இதெல்லாம் எங்கே இருக்கிறது, பழைய புண்ணைக் கிளறுவானேன்” என்றார் ஒருவர். வாசிகசாலைக்குக் கூரை போட்டுத் தந்தவர் மனம் வருந்தும் என்றார் மற்றொருவர். 1966இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தையும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் வகுப்பில் பெருமையோடு சொல்லிக்கொடுக்கும் நாமும் அந்த மேசையில் இருந்தோம். கிணற்றுக்கு மூன்றாம் பரிசு கொடுத்தோம். ‘மொழிநடையில் கவனம் தேவை’ என்று குறிப்பும் எழுதினோம். பேச்சுமொழியை இழிசனர் வழக்கென்று பண்டிதர்கள் அன்று ஏளனம் செய்தபோது முற்போக்காளர் எவ்வாறு போரிட்டனர் என்று கட்டுரை எழுதியவர்கள் நாம்!

2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் ஜூட் ரட்ணத்தின் ‘டிமன்ஸ் இன் பரடைஸ்’ ஆவணப்படம் எதிர்ப்பின் காரணமாகத் திரையிடப்படாமல் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு கான் விழாவில் காட்டப்பட்ட அப்படம், தமிழ் இயக்கங்கள் தமிழர்மீதே நிகழ்த்திய வன்முறையைப் பேசுவது. அதன் கருத்தோடு உடன்படாதவர் பலர். அவர்களுடைய காயங்களும் பொய்யல்ல. ஆனால் பார்த்துவிட்டு மறுக்கும் உரிமையை மக்களிடமிருந்து எடுத்துவிடுவது வேறு விஷயம் என்று அன்று நாம் நண்பர்களோடு வாதிட்டோம். நம் கிராமத்து மேசைக்கு ஒரு கிணறு வந்தபோது அந்த வாதம் எங்கே போயிற்று? அங்கே எவரும் நம்மைப் பயமுறுத்தவில்லை. கூரை போட்டவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொல்லக்கூடும் என்று நாமே எண்ணிக்கொண்டோம்.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒரே தீர்ப்பு என்பது புலனாகும். தாயின் கண்ணீர் நம்மை எதுவும் கேட்கவில்லை. குற்றவாளி எங்கோ இருக்கிறான், நாம் அவரோடு சேர்ந்து கண் கலங்கலாம். கிணறோ மண்டபத்தில் இருக்கும் எல்லோரையும் பெயர் சொல்லாமல் அழைக்கிறது. அதனால்தான் ஒன்றின் மீது அவ்வளவு தாராளமும் மற்றொன்றின் மீது அவ்வளவு ‘மொழிநடைக் கவன’மும் காட்டினோம்.

இவ்வாண்டுப் போட்டிக்கான விதிகளை எழுதியபோது ‘உணர்ச்சித் தாக்கம்’ என்ற பகுதியை நீக்கினோம். உண்மை மனிதரைப் படமெடுப்பவர், போட்டிக்கு அனுப்புமுன் அவருக்குப் படத்தைக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தைக் கேட்டிருக்கவேண்டும் என்று சேர்த்தோம். படத்தின் முதற்காட்சி போட்டியாளனின் ஊரிலேயே நடக்கவேண்டும். நடுவர் குழுவில் வாசிகசாலையின் சாதாரண வாசகர் இருவர் சீட்டுக் குலுக்கித் தெரியப்படவேண்டும். போட்டி வேண்டாம் என்ற நண்பர் இவற்றைப் பார்த்துச் சிரித்தார். விதிகளால் மனச்சாட்சியை உண்டாக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றே நாமும் நினைக்கிறோம். ஆனால் சென்ற ஆண்டுப் புள்ளித்தாள் மனச்சாட்சியைக் கெடுத்ததை நாம் கண்ணால் கண்டோமே.

மாணவன் தன் படத்தை மீண்டும் வெட்டி ஒட்டியிருக்கிறான். புகைப்படம் இப்போது நாற்பத்திரண்டு நொடிகள் நிற்கிறது. கீழே பெயரும், ஊரும், கொண்டுசெல்லப்பட்ட திகதியும் உள்ளன. வயலினையும் எடுத்துவிட்டான். அடுத்ததாகக் கிணற்றுத் திரைக்கதையை அந்த மாணவியே இயக்கப்போகிறாள். அவன் கமராவோடு நிற்பான். அவளுடைய தாயும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வளவுகளில் அனுமதி கேட்டாயிற்று. முதல் இரண்டு வீட்டார் கதையை விசாரித்துவிட்டு, கிணறு இறைக்கிற நேரம் என்றார்கள். மூன்றாமவர் கதையை விசாரிக்கவே இல்லை. படமெடுக்க யார் யார் வருவார்கள் என்று மட்டும் கேட்டார். நாளை நான்காவது வீட்டுக்கு நாமும் உடன் செல்கிறோம்.