முதல் ஏழு நாள்



லேவியராகமம் 22:27-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். வெள்ளாட்டுக்குட்டி பிறந்தால் ஏழு நாள் அதைத் தாயைவிட்டுப் பிரிக்கக்கூடாது. எட்டாம் நாள் முதல்தான் பலிக்கு ஆகும். தமக்கு வரவேண்டிய காணிக்கையையே தேவன் ஒரு வாரம் தள்ளி வைக்கிறார் பாருங்கள்!

ஏன் என்று ஆடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்ககிரி சுற்றுவட்டாரத்தில் வீடு சந்திக்கப் போனால், எங்கேயாவது ஒரு ஆடு குட்டி போட்டிருக்கும். குட்டி எழுந்து தள்ளாடி மடியைத் தேடும். வீட்டாரோ, "நஞ்சு விழட்டுங்கய்யா, அப்பறம் பால் காட்டிக்கலாம்" என்பார்கள். இது தவறு. மனுஷக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தாய் வயிற்றிலேயே வந்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு வராது, சீம்பாலில்தான் வரவேண்டும். அதை ஏற்கும் கதவு குட்டியின் குடலில் மணிக்கு மணி சாத்திக்கொண்டே வந்து, சுமார் 24 மணி நேரத்தில் மூடிப்போகும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது போகவேண்டும், அதுவும் முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆரம்பிக்கவேண்டும். குட்டி சப்பினால் நஞ்சும் சீக்கிரம் விழும். அதைக் கையால் இழுக்காதீர்கள். மூக்கு வாயிலுள்ள சளியைத் துடைத்து, தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் வைத்து, தாயை நக்க விடுங்கள். நக்கும்போதுதான் தாய் தன் குட்டியின் வாசனையைப் பிடிக்கிறது.

நக்காத குட்டியைத் தாய் முட்டித் தள்ளும். நம் சபையிலுள்ள ஒரு விதவைத் தாயார் வீட்டில் இரட்டைக்குட்டி. ஒன்றை ஆடு சேர்க்கவே இல்லை. அந்த இரண்டு குட்டிகளும்தான் அவர்களுக்குச் சேமிப்பு, பாங்கி எல்லாம். நாளைக்கு ஐந்து தடவை, நடுராத்திரியிலும், ஆட்டைச் சுவரோரம் அணைத்துப் பிடித்துப் பால் குடிக்க வைத்தார்கள். ஆறாம் நாள் ஆடு தானே நின்றது. அல்லேலூயா! (அந்த வாரம் அவர்கள் உபவாச ஜெபத்துக்கு வரவில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு.)

நம் ஊர் லாரிகளின் ஊர். குறித்த நேரத்தில் லோடு இறங்கவேண்டும் என்ற அவசரம் நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. யாக்கோபைப் பாருங்கள், ஆதியாகமம் 33. அண்ணன் ஏசா 400 பேரோடு வந்து, சேர்ந்தே போகலாம் என்கிறான். பால் கொடுக்கிற ஆடுகள் இருக்கின்றன, ஒரு நாள் விரட்டினாலும் மந்தை செத்துப்போகும் என்று யாக்கோபு பின்தங்கிக்கொள்கிறான். மந்தையின் வேகத்தை அங்கே குட்டி ஈன்ற ஆடு தீர்மானிக்கிறது.

பிரசவமாகி பத்தாம் நாளில் அடுப்படியில் நிற்கிற சகோதரிகளை நான் பார்க்கிறேன். போன ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைக்கு இந்த ஞாயிறே மூன்று ஊழியப் பொறுப்பு கொடுக்கிற சபைகளையும் பார்க்கிறேன். ஆட்டுக்குட்டிக்குத் தேவன் கொடுத்த ஏழு நாளை இவர்களுக்கு யார் கொடுப்பது?

மேலே சொன்ன தாயாரின் கொட்டிலில் ஒரு பக்கம் இன்னும் சாரல் அடிக்கிறது. சனிக்கிழமை வாலிபர் ஜெபத்துக்கு வருகிறவர்கள் இரண்டு பழைய சாக்கும், கொஞ்சம் காய்ந்த வைக்கோலும் கொண்டுவாருங்கள். ஜெபம் முடிந்ததும் போய்க் கட்டிவிட்டு வருவோம்.