அபூ உமைரின் குருவியும் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகமும்

 

 அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. பிள்ளைகளுக்காக துஆ செய்யச் சொல்லிச் சீட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. துஆ செய்வோம். அதற்கு முன் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நம் மக்தப் மதரஸாவில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம், பள்ளிப் பாடத்தைப் பற்றியும் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியதை அவருடைய அனுமதியோடும் அவர் அத்தாவின் அனுமதியோடும் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அவர் மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி வைத்து கப்பி மீன் வளர்க்கிறார். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் போன பிறகுதான் ஊற்ற வேண்டும் என்கிறார். கப்பி முட்டை இடாதாம், குட்டி போடுமாம். போட்ட குட்டியைத் தாயே தின்றுவிடும் என்பதால் பிரித்து வைக்க வேண்டுமாம். ஏறக்குறைய நான்கு வாரத்திற்கு ஒரு முறை குட்டி வரும் என்று கணக்குப் போட்டு, தேதி வாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனையும் முக்கால் பக்கம்.

மீதிக் கால் பக்கம்தான் பள்ளிப் பாடம். வீட்டுப்பாடத்தைக் கைடு பார்த்து எழுதுகிறாராம், எழுதி முடித்ததும் மறந்துவிடுகிறதாம். ப்ராஜெக்ட் கொடுத்தபோது வீட்டில் காசு கொடுத்துக் கடையில் செய்து வாங்கிவிட்டார்கள், முழு மதிப்பெண் கிடைத்தது, உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. கடைசி வரி இது: மார்க் குறைந்தால் தொட்டியைச் சாக்கடையில் கொட்டிவிடுவேன் என்று அத்தா சொல்லியிருக்கிறார்கள், அதனால் படிக்க உட்கார்ந்தால் மீன்தான் ஞாபகம் வருகிறது.

அந்த அத்தாவைக் குறை சொல்ல நான் மிம்பரில் ஏறவில்லை. அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போனவர். தான் பட்ட கஷ்டம் மகனுக்கு வேண்டாம் என்ற பயத்தில் பேசிய பேச்சு அது. அனுமதி கேட்கப் போனபோது கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "ஹழ்ரத், நான் மாடிக்கே போனதில்லை. கடை அடைச்சு வரும்போது அவன் தூங்கிடுறான்."

சகோதரர்களே, இதை நாம் யோசிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்களின் ஊழியர் அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு தம்பி உண்டு, சின்னக் குழந்தை. ஒரு குட்டிக் குருவி வைத்து விளையாடிக் கொண்டிருந்தார். அது இறந்துவிட்டது. அவர் வாடிய முகத்தோடு இருப்பதைக் கண்ட நபியவர்கள், பெரியவரை அழைப்பது போல 'அபூ' என்ற சிறப்புப் பெயரிலேயே அழைத்து, குருவி என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. ஹிஜ்ரி 335ல் வஃபாத்தான ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை எடுத்துத் தனி ஏடே எழுதினார்கள். மதீனாவின் ஆட்சிப் பொறுப்பு, படையெடுப்புகள், வந்து போகும் தூதுக்குழுக்கள், இத்தனைக்கும் நடுவில் ஒரு குழந்தையின் குருவியை நினைவில் வைத்திருந்தார்கள். நம் வீட்டு மாடிக்கு எத்தனை படி?

நம் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்குப் பாருங்கள். ஆறரைக்கு மக்தப், ஒன்பது மணிக்குப் பள்ளி, நாலரைக்கு வீடு, ஐந்தரைக்கு டியூஷன், எட்டு மணிக்கு வந்து வீட்டுப்பாடம். கடை முதலாளிகூட மதியம் சற்றுக் கண்ணயர்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், மக்தபிலிருந்து வந்த பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும், கடைசியில் படிப்பிலிருந்து தப்பிக்கப் பிள்ளை தந்திரம் தேடும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுக்கு முன் எழுதியது. கைடு பார்த்து எழுதுவதும் அந்தத் தந்திரத்தில் ஒன்றுதான்.

அப்படியானால் படிக்காமல் மீன் வளர்க்கட்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு ஹிஜ்ரத்தின்போது வயது 11. பிறகு யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபியவர்கள் கட்டளையிட, சுமார் அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்கள் என்று திர்மிதியில் வருகிறது. எதற்காகப் படிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, வருகிற கடிதத்தைப் படிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும். நம் பிள்ளைக்கு மார்க்கைத் தவிர வேறு காரணம் சொல்லியிருக்கிறோமா? குளோரினும் வேதியியல்தான், குட்டி போடும் மீனும் உயிரியல்தான் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் போதும், அந்த நோட்டுக்கும் பாடப் புத்தகத்துக்கும் பாலம் விழுந்திருக்கும்.

கடையில் வாங்கும் ப்ராஜெக்ட் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்பது சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபியின் எச்சரிக்கை. பிள்ளை கோணல் மாணலாக வெட்டி ஒட்டி ஐந்து மார்க் வாங்கட்டும், அது ஹலாலான ஐந்து.

தண்டனை விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதி நமக்குத் தெரியும். மதிப்பெண் குறைந்தது பிள்ளைக்கு. மீன் என்ன பாவம் செய்தது?

அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். அவரோ கடைவீதியில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னாலிருந்து பிடரியை ஒரு கை பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நபியவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்! அனுப்பிய இடத்திற்குப் போனாயா என்று செல்லமாகக் கேட்டார்கள், இதோ போகிறேன் என்றார் அனஸ். வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை, நினைவூட்டினார்கள். ஆனால் சிரிப்போடு நினைவூட்டினார்கள். முஸ்லிமில் இருக்கிறது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. யூசுஃப் (அலை) அவர்களை விளையாட அழைத்துப் போகிறோம் என்று சகோதரர்கள் கேட்டபோது, யஃகூப் (அலை) விளையாட்டைக் குறை சொல்லவில்லை, ஓநாயைத்தான் பயந்தார்கள். இரவு பன்னிரண்டு வரை போனில் கேம் ஆடுவதைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஓநாய்.

ஒரு அறிவிப்பு. நிர்வாகத்தோடு பேசிவிட்டோம், இனி ஞாயிற்றுக்கிழமை மக்தப் ஒரு மணி நேரம் மட்டும்தான். மிச்ச நேரத்தை டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வருகிற ஞாயிறு அந்த மாணவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கப்பி மீன் கொண்டு வந்து மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறார், இன்ஷா அல்லாஹ். அன்று காலை கடையைத் தாமதமாகத் திறப்பதாக அவர் அத்தா சொல்லியிருக்கிறார். மற்ற அத்தாமார்களும் வரலாம்.

யா அல்லாஹ், தேர்வு எழுதும் எங்கள் பிள்ளைகளின் நெஞ்சை விரிவாக்குவாயாக, நாவின் முடிச்சை அவிழ்ப்பாயாக! ஆமீன்.