ஆகாயம் யாருக்குச் சொந்தம்?



"சுவாமி, பக்கத்து வீட்டார் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் எங்கள் பிள்ளைக்கு இன்டர்நெட் பாடம் நின்று நின்று வருகிறது. சர்க்கார் சட்டப்படி அவர்கள்மேல் குற்றமில்லையாம். சர்வேசுரன் சட்டப்படி எப்படி?" என்று நம் பங்கில் சிலர் கேட்கிறார்கள். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்விதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு பழைய வேதசாஸ்திரக் கேள்வி ஒளிந்திருக்கிறது: யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை நான் அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொண்டால், யாருக்கு அநியாயம் செய்தவனாவேன்?

வை-ஃபை பெட்டி, புளூடூத் ஒலிபெருக்கி, கம்பியில்லாத காமிரா ஆகியவை பெரும்பாலும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரே குறுகிய அலைவரிசையில்தான் பேசிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு சாதத்தைச் சூடாக்குவதும் சுமார் 2450 மெகாஹெர்ட்ஸ் அலையால். அடுப்பிலிருந்து வெளியே கசிவது தேகத்துக்குக் கெடுதி செய்யாத சொற்ப அளவே. ஆயினும் உள்ளே இருப்பது ஏறக்குறைய 800 வாட். வை-ஃபை பெட்டி பேசுவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆகையால் அந்தக் கசிவே அதற்கு இடிமுழக்கம். இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. யாருக்கும் தனியுரிமையில்லை, பகிர்ந்துகொள்ள வேண்டும், இடைஞ்சல் நேர்ந்தால் பாதுகாப்புக் கோரமுடியாது என்பது அவ்விதியின் சாரம். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1995-ல், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் ஆகாய அலைகள் பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

பொதுச்சொத்தைப்பற்றி அர்ச். பசீலியார் ஓர் உவமானம் சொன்னார். கூத்துக் கொட்டகைக்கு முந்தி வந்தவன், பின்னால் வருகிறவர்களை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டால், எல்லாருக்கும் உரியதைத் தனதாக்கிக்கொள்கிறான். ஐசுவரியவான்கள் செய்வதும் இதுவே என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை எடுத்து ஆராய்ந்து, முந்தி வந்ததில் தோஷமில்லை, பிறரை மறிப்பதிலேதான் தோஷம் என்று நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். நம் ஊர் வழியாகப் போகும் கிரிவலப் பாதையைப் பாருங்கள். பௌர்ணமி இரவில் அந்தப் 14 கிலோமீட்டரும் நடக்க எல்லாருக்கும் பாத்தியம் உண்டு. நடுவில் பாயை விரித்துப் படுக்க ஒருவருக்கும் இல்லை.

அப்படியானால் ஐந்து நிமிஷம் சாதம் சூடாக்குகிற பக்கத்து வீட்டு அம்மாள் முந்தி வந்தவர், அவ்வளவுதான். அவரிடத்தில் பாவமில்லை. மறிக்கிறவன் யார்? வை-ஃபை பெட்டிக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். வேகத்துக்கு ஆசைப்பட்டு 40 என்று வைத்தால், அலைவரிசையில் ஏறக்குறைய பாதி ஒரே வீட்டுக்குப் போய்விடும். அண்டையில் வேறு பெட்டிகள் இருந்தால் தானே 20-க்குச் சுருங்கிக்கொள்ளவேண்டும் என்பது இப்பெட்டிகளுக்குரிய ஏற்பாடு. அந்த மரியாதையை அணைத்துவைக்கவும் சில பெட்டிகளில் வழியிருக்கிறது. தெரிந்து அணைக்கிறவன் கொட்டகை வாசலில் நிற்கிறவனே. ஏழாம் கற்பனைக்கு விரோதமான களவு என்று நான் துணிந்து சொல்லமாட்டேன். எடுத்தது அயலானுக்கும் சொந்தமல்லவே. பிறர்சிநேகத்துக்கு விரோதம் என்பதில் சந்தேகமில்லை. அறியாமல் செய்தவர்களுக்கு இதிலே பாவமே கிடையாது; தயவுசெய்து வை-ஃபை பெட்டியைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குத் தூக்கி வரவேண்டாம். ஆனால் இதை வாசித்தவர்கள் இனி "அறியேன்" என்று சொல்லமுடியாது!

இதில் ஒரு விந்தையும் உண்டு. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு பெட்டிகள், பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கும். மற்றது பேசினால் இது பொறுத்திருக்கும். வேகம் குறையும், ஆனால் இரண்டும் பிழைக்கும். "அவர்களோடு சேரவேண்டாம்" என்று எண்ணி 3 அல்லது 4-க்குச் சற்றே விலகிப்போனாலோ, ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சலாகி இரண்டும் கெடும். ஒன்றின்மேல் ஒன்று படியாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்களே. பாதி விலகி நிற்பதைவிட அயலானோடு ஒரே இடத்தில் முறைவைத்துப் பேசுவது மேல்!

என் மனதில் உறுத்துவது வேறொன்று. விலை குறைந்த பழைய போன்கள் பலவற்றுக்கு இந்த நெரிசலான அலைவரிசையைவிட்டால் வேறு வழியில்லை. புதிய போனும் டி.வி.யும் வைத்திருப்பவர்களுக்கோ 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உண்டு. 2018-ல் சர்க்கார் அதில் மிக அகலமான இடத்தை லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. அந்த அலை சுவர் தாண்டுவதற்குள் மெலிந்துவிடுவதால் அயலாருக்குத் தொந்தரவும் குறைவு. வசதியுள்ளவர்கள் அங்கே போய்விட்டால், பழைய போனில் பாடம் படிக்கிற பிள்ளைக்கு இங்கே இடம் கிடைக்கும். டி.வி.க்குக் கம்பியே இழுத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

பெட்டியில் சேனலையும் அகலத்தையும் மாற்றத் தெரியாதவர்கள் ஞாயிறு பூசைக்குப்பின் நம் வாலிபர்களைக் கேட்கலாம். வரும்போது சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டாரையும், எந்த மதத்தவரானாலும், கூட்டி வாருங்கள். அவர்கள் பெட்டி எந்தச் சேனலில் இருக்கிறதென்று தெரியாமல் உங்களுடையதை மட்டும் மாற்றிப் பயனில்லை.